விளக்கெண்ணெய்த் தலையும் இலவம்பஞ்சும்

இன்று என் தங்கை ராஜத்துக்குப் போடியில், ஓர் இலவம்பஞ்சு வியாபாரியின் கடையில், டைப்பிஸ்ட் வேலைக்கு இண்டர்வியூ. துணைக்கு நான் போனேன்.

காலையில் முடியை நனைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஓர் இழைகூட எழும்பாமல் படிய வாரி, பிடரியில் தாழ்வாக ரப்பர் பேண்டு போட்டாள். ரப்பர் தெரியாமல் ஒரு கற்றையைச் சுற்றியும் விட்டாள். பின்னல் கிடையாது.

"பின்னாமப் போனா யாருடி வேலை குடுப்பாக?" என்றார் அம்மா.

"டவுன்ல இப்ப இப்பிடித்தேன் போறாக. காத்துல கலையாதும்மா."

உண்மைதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் கலையவில்லை.

போடியில் பஞ்சுக் கடைத் தெருவில் ஆடிக்காற்று. எதிரே வந்தவர்கள் எல்லாரும் தலையைத் துணியால் மூடியிருந்தார்கள். ஏன் என்பது கடை வாசலில்தான் புரிந்தது. காற்றில் பறந்த பஞ்சு ஒட்டி, ராஜத்தின் தலை வெள்ளை வெளேரென்று இருந்தது. தட்டிவிட்டேன், இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது.

"வீட்டுக்குப் போயிரலாம்ணே" என்றாள், அழாத குறையாக. அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

அவர் அவள் தலையையே பார்த்தார். "ஏத்தா, வேலைக்குச் சேரும் முன்னயே எஞ்சரக்கக் கடத்துறியா?"

"தெருவுல பறந்து போனத உள்ள கொண்டாந்திருக்கேங்க."

சிரித்துவிட்டு மெஷினைக் காட்டினார். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

"திங்கக்கெழம வந்துரு. தலையில துணி கட்டிக்கிட்டு வா."

"முடி கலையல, பாத்தியா?" என்று இப்போது அம்மாவிடம் பெருமை பேசுகிறாள். இரண்டு முறை சீயக்காய் போட்டாயிற்று; பஞ்சும் கலையவில்லை. வழி தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.