பேரை மட்டும் எழுதாதீங்கோ

ஆன்ட்டி போயிட்டா. காலையில் நர்சரிக்கு போன் வந்தது... ஹார்ட் அட்டாக்காம்.

படம் போட மாட்டேன். பேரும் எழுத மாட்டேன். தெரிந்தவர்கள் கமெண்டிலும் எழுதாதீங்கோ, ப்ளீஸ்.

தெரியாதவர்களுக்கு... ஈஸ்ட் ஹாமில் நான் வேலை செய்யும் குழந்தைகள் நர்சரியில் எனக்கு சீனியர். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண். அவவின் ஆட்களில் ஒருவர் செத்தால், வீட்டார் சொல்லும் வரைக்கும் பேரைச் சொல்ல மாட்டார்கள், படத்தையும் மறைத்துவிடுவார்கள்.

இன்றைக்கு மேனேஜர் முன் கதவில் பேரோடு படம் ஒட்டியிருந்தா. நான் கழற்றினேன். நல்ல ஏச்சு விழுந்தது. பரவாயில்லை.

மூன்று, நாலு வயசுப் பிள்ளைகளுக்குத் தன் ஊர்ச் சமையல் காட்டுவா. பின் தோட்டத்தில் குழி தோண்டி, தணல் போட்டு, மீனை இலையில் சுற்றிப் புதைப்பா. அங்கே மரப்பட்டையாம். இங்கே என்னோடு கிரீன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வந்து வாழையிலை வாங்குவா.

தோண்டுவதற்கு முதல் எல்லாரும் நிலத்தில் கை வைத்துக் கேட்க வேண்டும். எங்கள் தமிழ்க் குட்டி ஒருத்தி, "ஹலோ மண், மீன் சுடட்டா?" என்பாள். அதற்கு மட்டும் ஆன்ட்டி வாய்விட்டுச் சிரிப்பா.

என் அண்ணா சிவா சண்டை நடக்கும் வன்னிக்குள். ஜனவரிக்குப் பிறகு ஒரு போன் கோல் இல்லை. வேலையில் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்கப் பயந்து என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆன்ட்டி மட்டும் தினமும் தன் இங்கிலீஷில் கேட்பா, "சிவா கோல் எடுத்தவனா?"

"இல்லை" என்றால் விட மாட்டா. "பேரோட சொல்லு. உயிரோட இருக்கிற ஆளின்ர பேரைச் சத்தமாச் சொல்லோணும்."

"சிவா இன்னும் எடுக்கேல்லை, ஆன்ட்டி."

போன வெள்ளி மீன் ரெடி, தணல் ரெடி. ஆன்ட்டி நிலத்தில் கை வைத்தா... கன நேரம் கையை எடுக்கவேயில்லை.

"இண்டைக்குத் தோண்ட வேண்டாம்" என்று எழும்பிட்டா. மீன் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் போனது.

பின்னேரம் கேட்டில் வைத்துக் கேட்டா, "உன்ர அண்ணா எடுத்தவரா?"

பேர் சொல்லவில்லை.

களைப்பாக இருந்திருக்கலாம். அவவுக்கே சுகமில்லாமல் இருந்திருக்கும்... எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை. ஏன் ஆன்ட்டி பேர் சொல்லேல்லை என்று கேட்க வாய் வந்தது. பயத்தில் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். திங்கள் கேட்கலாம் என்று இருந்தேன்.

இன்றைக்குத்தான் திங்கள்.

போயிட்டு வாங்கோ, ஆன்ட்டி.