பஜ்ஜி எண்ணெயில் போன முதல் தாள்

2005 வாக்குல அரியலூர்ல ஒரு வாரப்பத்திரிகை ஆபீஸ்ல நான் டி.டி.பி. ஆபரேட்டர். பகல்ல ஆபீஸ்ல நிஜச் செய்தி அடிப்பேன். சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, வேற பேர்ல ஒரு பிளாக்ல புளுகுச் செய்தி அடிப்பேன். உச்சியிலேயே ‘இங்க எல்லாமே புளுகு’ன்னு பெருசா போட்டிருப்பேன். அந்த மட்டுக்கும் நான் யோக்கியம்.

ஒரு மழையில தா.பழூர் ரோட்டுப் பள்ளம் குட்டையாயிடுச்சு. ‘ஞாயிறு முதல் படகு சவாரி, குழந்தைகளுக்கு இலவசம்’னு பிளாக்ல எழுதினேன்.

வியாழக்கிழமை நிருபர் செல்வம் ஒரு பிரிண்ட் அவுட்டை என் டேபிள்ல வச்சார்.

"அக்கா, இன்டர்நெட்ல புடிச்சேன். சூடான நியூஸ், அடிங்க."

பார்த்தா என் படகு! ‘எல்லாமே புளுகு’ன்னு இருந்த முதல் தாளைக் காணோம்.

"மேல இருந்த தாள் எங்கப்பா?"

"பஜ்ஜியில எண்ணெய் வழிஞ்சுதுக்கா. ஒத்தி எடுத்துட்டுப் போட்டுட்டேன்."

அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா பிளாக் எழுதுறது நான்தான்னு எடிட்டருக்குத் தெரிஞ்சு வேலை போயிடும். அது பாதி பயம். மீதி குசும்பு. என்னதான் ஆவுதுன்னு பார்ப்போமேன்னு அடிச்சுக் குடுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை பள்ளத்தைச் சுத்தித் தூக்குச்சட்டியும் பிள்ளைகளுமா ஜனம். மறுநாள் ஒருத்தர் மகளைக் கையில புடிச்சுகிட்டு ஆபீசுக்கே வந்துட்டார்.

"ரெண்டு பஸ் மாறி வந்தோம் சார். புள்ள வூடு வர்ற வரைக்கும் அழுதுச்சு. பத்திரிகையில போட்டா நம்பமாட்டமா?"

எடிட்டர் செல்வத்தைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

செல்வம் மூஞ்சி செத்துப்போச்சு. நான் எழுந்து நின்னேன்.

"சார், அதை எழுதுனது நான். தெரிஞ்சே அடிச்சதும் நான்தான்."

எடிட்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மூணு வருஷமா அந்தப் பள்ளத்துக்குத் தலையங்கம் எழுதுறேன். ஒருத்தன் எட்டிப் பார்க்கல. நேத்து கூட்டத்தைப் பார்த்துட்டு இன்னிக்குக் காலையில ரோட்டு ஆபீஸ்காரனுங்க ஜல்லி கொட்டுறானுங்க. ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க. மன்னிப்பை மட்டும் உன் பேர் போட்டு நீயே அடி. முதல்ல அந்தப் புள்ளகிட்ட கேளு."

குனிஞ்சு கேட்டேன். "தப்பு பண்ணிட்டேன் பாப்பா. படகு கிடையாது. ஆனா, நல்ல ரோடு வருது."

"ரோடு எனக்கு எதுக்கு?"ன்னுச்சு.

இப்ப நையாண்டி எழுதுற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்றேன். புளுகுங்கிறதை உச்சியில மட்டும் போடாதீங்க, ஒவ்வொரு தாள்லயும் போடுங்க. எந்தத் தாள்ல பஜ்ஜி ஒத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்?