பொட்டு வைத்த பீஸ் எல்லாம் ஓகே

டவுன் பஸ் கதவு ‘புஸ்’ என்று மூடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். உட்காரட்டும். அந்த ஒரு மூச்சுக் காற்றில் எனக்குள் ஒரு ஃபேக்டரியே ஓடத் தொடங்கிவிடுகிறது. கன்வேயர் நகர்கிறது, கிரைண்டர்கள் வரிசையாக வருகின்றன, முதலாளியின் நெற்றியில் வேர்வை பூக்கிறது.

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறேன். டிரம்மில் கீறல், பாடியில் நெளிவு, உட்காராத மூடி, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் லாரி ஏறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: “ஆட்டோமேஷன், ஏஐ, ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம்?” நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

1. ரஹீம் பாயின் ஆள்

எங்கள் லைனின் கடைசியில் ஒரு வெயிட் செக்கர். கல் வைக்க மறந்த கிரைண்டர் வந்தால் எடை குறையும். காற்றில் ஓடும் ஏர் சிலிண்டரின் தண்டு ‘புஸ்’ என்று நீண்டு அதைப் பக்கத்துத் தொட்டியில் தள்ளிவிடும். அதைப் பொருத்தியவர் மெயின்டனன்ஸ் பார்க்கும் ரஹீம் பாய். இந்த எடைக்குக் கீழே வந்தால் தள்ளு. அவ்வளவுதான் அவர் அதற்குச் சொல்லி வைத்தது.

“நம்மாளு ரொம்ப நல்லவனுங்க அம்மணி. மண்டைக்குள்ள ஒண்ணுங் கெடையாது” என்பார், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

2. கேமரா

பெருந்துறையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பரிமளம்மா ஒரு முறை நெளிந்த பீஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். “இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா தீபாவளி ஆர்டர் வேற பக்கம் போயிருமுங்க” என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவர் ஆர்டர்தான் எங்களுக்குத் தீபாவளி. முதலாளி ஏஐ கேமரா வாங்கிவிட்டார்.

அதை அமைக்க வந்த இன்ஜினியர் ஜெனிஃபர் சொன்னார்: “இதுக்கு ரூல் எதுவும் எழுத மாட்டோம் மேடம். நல்ல பீஸ் போட்டோ, கழிச்ச பீஸ் போட்டோ, ரெண்டையும் நெறையக் காட்டுங்க. வித்தியாசத்த அதுவே புடிச்சுக்கும்.”

படம் எடுத்தது நான். ஆயுத பூஜைக்கு மறுநாள். நல்ல பீஸ்கள் பூஜைக்கு அடுக்கியபடியே பளபளவென்று நின்றன. கழித்தவை ஷெட்டின் மூலையில் குப்புறக் கிடந்தன. இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

3. டிரையல்

பரிமளம்மா நேரிலேயே வந்துவிட்டார். “ஓடறதக் கண்ணுல பாத்துப்போட்டு ஆர்டர் எழுதறனுங்க.”

முதல் பீஸ். நானே தடவிப் பார்த்து அனுப்பியது. சிவப்பு விளக்கு. கேமராவுக்கென்று வைத்த சிலிண்டர், புஸ். அடுத்தது, புஸ். அதற்கடுத்தது, புஸ். அத்தனையும் நல்ல பீஸ்கள். ஜெனிஃபர் லேப்டாப்பைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்.

முதலாளி, எங்கள் ஊர்ப் பக்கத்து முதலாளி எவரும் செய்வதைச் செய்தார். “ஏனுங்க, பூஜை போடாம ஸ்டார்ட் பண்ணிப்போட்டமே! சந்தனங் குங்குமம் கொண்டாங்க!”

கன்வேயருக்குப் பொட்டு. கேமரா ஸ்டாண்டுக்குப் பொட்டு. வரிசையில் நின்ற கிரைண்டர்கள் நெற்றியிலும் ஆளுக்கொரு பொட்டு. ஸ்விட்சைப் போட்டார்.

பச்சை! மறுபடி பச்சை! பச்சை, பச்சை, பச்சை! ஷெட்டே கைதட்டியது. “பாத்தீங்களா, சாமிக்குச் செய்யறதச் செஞ்சா போதுமுங்க” என்று முதலாளி குதித்தார். பரிமளம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான் மட்டும் பச்சை வாங்கிய பீஸ்களின் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் படமெடுத்த நல்ல பீஸ்கள் எல்லாம் பூஜையில் பொட்டு வாங்கியவை. கழித்த பீஸுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? இந்தக் கேமரா நெளிவையும் பார்க்கவில்லை, கீறலையும் பார்க்கவில்லை. சிவப்பாக ஒரு புள்ளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. அதைத்தான் சமர்த்தாகப் படித்து வைத்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டால் ஆர்டர் கையில். பேனா மூடி திறந்தாகிவிட்டது.

“பாய், மூலையில கெடக்கற அந்த நெளிஞ்சதக் கொண்டாங்க.”

அதற்கு ஒரு பொட்டு வைத்து ஏற்றினேன். பச்சை.

கைதட்டல் பாதியில் நின்றது. எனக்கோ ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. என் டிபன் கேரியரை எடுத்தேன். நடு அடுக்கில் பெரிதாக ஒரு பொட்டு. கேமராவுக்குக் கீழே கல்யாணப் பெண் போல மெதுவாகப் போனது. பச்சை! அப்படியே ஊர்ந்து வெயிட் செக்கருக்கு வந்தது. புஸ்! தொட்டிக்குள் விழுந்து, ரசம் தனியாக, சோறு தனியாக.

ரஹீம் பாய் நெஞ்சை நிமிர்த்தினார். “நம்மாளு பொட்டும் பாக்க மாட்டான், தொப்பியும் பாக்க மாட்டான். வெயிட் இருக்கா, போ. இல்லியா, புஸ்!”

பரிமளம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. “மானத்த வாங்கிப்போட்டீங்களே அம்மணி.”

“போட்டோ எடுத்தது நானுங்க. தப்பு என்னுது” என்றேன். முகமெல்லாம் சூடு.

4. கழித்த பீஸுக்கும் குங்குமம்

மதியம் முழுக்க நல்ல பீஸ்களின் பொட்டைத் துடைத்துப் படமெடுத்தோம். நெளிந்ததற்கெல்லாம் பொட்டு வைத்து எடுத்தோம். பழைய படங்களோடு இவற்றையும் சேர்த்து ஜெனிஃபர் கேமராவுக்கு மறுபடி காட்டினார்.

“கழிச்சதுக்குப் பொட்டா? சாமி கோவிச்சுக்குமுங்க!” என்று முதலாளி பதறினார்.

“சாமி பொறுத்துக்குமுங்கண்ணா. பெருந்துறை பொறுக்காது.”

சாயங்காலம் மறுபடி ஓட்டினோம். பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெளிந்தது சிவப்பு, நல்லது பச்சை. பத்துத் தடவை ஏமாற்றப் பார்த்தேன், முடியவில்லை.

அன்று படித்தது இதுதான். ஆட்டோமேஷன் நாம் சொன்னதைச் செய்யும். தப்பு வந்தால் சொன்னதைத் திருத்தினால் தீர்ந்தது. ஏஐக்கு நாம் எதுவும் சொல்வதில்லை, காட்டுகிறோம். காட்டியதில் அது எதை எடுத்துக்கொண்டது என்று நமக்குத் தெரியாது. வம்புக்கென்றே நாலு டிபன் கேரியரை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பரிமளம்மா கார் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எழுதிய ஆர்டரை முதலாளியிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

“மெஷினு ரெண்டும் நல்லா ஓடட்டுமுங்க. ஆனா அனுப்பறப்ப நீங்க ஒருக்கா பாத்துப்போட்டே அனுப்புங்க அம்மணி. தப்பாப் போச்சுன்னா வெக்கப்படறதுக்கு ஒரு ஆளு வேணுமல்லங்க.”