முத்துக்குமாருவின் காரும் பஞ்சலிங்கத்தின் வலக்கையும்

கொடிகாமம் முத்துக்குமாரு ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் முதலில் அதை அடித்துப் பார்ப்பான். மாடு நடக்காவிட்டால் மாட்டுக்கு அடி. கிணற்றுத் துலா இறுகினால் துலாவுக்கு உதை. பள்ளிக்கூடத்தில் சட்டம்பியார் கணக்குப் பிழையென்று பிரம்பைத் தூக்கியபோது, பிரம்பைப் பறித்து அவருக்கே போட்டுவிட்டு வெளியே வந்தவன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று அவன் பெண்சாதி ஞானாம்பிகை கேட்டாள். நல்லதும் இருக்கிறது. ஆனால் அடிதடியை விட்டுவிட்டு எழுதினால் அது முத்துக்குமாரு இல்லை, வேறு யாரோ.

தகப்பன் விட்டுப்போன புகையிலைத் தோட்டத்தை விற்று, முப்பத்துமூன்றாம் ஆண்டளவில் அவன் ஒரு பழைய கார் வாங்கினான். மேலே கன்வஸ் கூடாரம். ஏழுபேர் இருக்கலாம், அவன் பன்னிரண்டு பேரை அடைவான். மிதிபலகையில் கத்தரிக்காய்க் கூடை, பின்னால் வாழைக்குலை. கொடிகாமம் சந்தியிலிருந்து பருத்தித்துறை வரை ஓடுவான். சந்தியில் மூட்டை தூக்குகிற வேலை எனக்கு. அதனால் எல்லாம் கண்ணால் கண்டதுதான்.

அந்த வீதியில் பருத்தித்துறைத் தம்பிஐயாவின் கார்களும் ஓடின. அந்த நாளில் சட்டம் ஒன்றும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை. ரயிலால் இறங்குகிற சனத்தின் பெட்டியை ஒருவன் இழுப்பான், கையை மற்றவன் இழுப்பான். தம்பிஐயாவின் ஆள் ஒருவனுடைய காதுச் சோணை முத்துக்குமாருவின் பல்லில் போனது. முத்துக்குமாருவின் முன்பல் அவர்களுடைய ஸ்பனரில் போனது. இப்படி நாங்களே அடிபட்டு அடிபட்டு ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தோம். வல்லிபுரக் கோவில் கடல் தீர்த்தத்தன்று விடிய, சந்தியில் முதல் காராக எவனுடையது சனத்தோடு புறப்படுகிறதோ, அடுத்த தீர்த்தம் வரை முதலிடம் அவனுக்கு. மற்றவன் பின்னால் நின்று மிச்சத்தைப் பொறுக்க வேண்டும்.

தீர்த்தத்துக்கு இன்னும் சில நாள் இருக்கையில் முத்துக்குமாருவின் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில் போட்டிருந்த மெக்கானிக் பஞ்சலிங்கத்திடம் கொண்டுபோனான். கொக்குவில் ஆள். கெட்டிக்காரன். ஆனால் நல்ல சாமானையும் பழுதென்று கழற்றி, அடுத்தவன் காரில் பூட்டுவான் என்று பேர்.

பஞ்சலிங்கம் காருக்குக் கீழே படுத்தான். கனநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணை, கார் இனி ஓடாது."

"இப்ப ஓடித்தானேடா வந்தது. உன்ரை அப்பரே தள்ளிக்கொண்டு வந்தவர்?"

"பிறேக் தேய்ஞ்சு போச்சு. பின் வில்லுத் தகடும் சரியில்லை. அதுகளை விடு. சில்லைத் திருப்பிற தடி இருக்கெல்லே, ஸ்டியறிங்குக்குக் கீழை, அது வெடிச்சிருக்கு. கொழும்பிலையிருந்துதான் எடுக்கவேணும். தீர்த்தத்துக்கு முன்னம் ஏலாது."

முத்துக்குமாரு குனிந்து பார்த்தான். சேறும் கிறீசும்தான் தெரிந்தன.

"எங்கையடா வெடிப்பு?"

"மயிர் கணக்கிலை இருக்கு. நகத்தை வைச்சுப் பார்."

அவன் நகம் மாட்டுக் குளம்பு. அதற்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. காரை ஓட்டிக்கொண்டு சந்திக்கு வந்தான். அங்கேதான் நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதல்நாள் பின்னேரம் தவறணையில் பஞ்சலிங்கம் கள்ளுக் குடித்தான். பக்கத்தில் இருந்து ஊற்றிக் கொடுத்தது தம்பிஐயா.

முத்துக்குமாரு காரிலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தான். கொட்டிலுக்குப் போய்ப் பஞ்சலிங்கத்தைக் குடுமியில் பிடித்தான். ஸ்ரேசனிலிருந்து பிள்ளையார் கோவில் வாசல் வரை வீதிப் புழுதியில் இழுத்துக்கொண்டே வந்தான். சந்தைச் சனம் முழுக்கப் பின்னால் வந்தது. கடையொன்றில் கற்பூரம் எடுத்து, படிக்கல்லில் மூன்று கட்டியை வரிசையாக வைத்துக் கொளுத்தினான்.

"முதல் கட்டி பிறேக். நடுக்கட்டி வில்லு. கடைசி, நீ சொன்ன தடி. உண்மை சொன்னியெண்டால் அணைச்சுச் சத்தியம் பண்ணு. பிள்ளையார் பாத்துக்கொண்டு இருக்கிறார். நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது என்று எங்கள் பகுதியில் எந்தக் கள்ளனும் பயப்படுவான். பஞ்சலிங்கத்தின் வாயில் இரத்தம் வடிந்தது. முதல் சுவாலையைப் பார்த்தான். கையை எடுக்கவில்லை. நடுவில் எரிந்ததையும் பார்த்தான். கை அசையவில்லை. பிறகு கடைசியில் எரிந்த கட்டியின் மேல் வலது உள்ளங்கையைப் பொத்தென்று அடித்து, அமத்தி, அணைத்தான். தோல் பொசுங்கின மணம் எங்களுக்கே வந்தது.

"அந்த ரெண்டும் பொய்" என்றான். "தம்பிஐயா சொல்லச் சொன்னவன், தீர்த்தம் முடியுமட்டும் காரைக் கொட்டிலுக்கை போட்டு வைக்கச் சொல்லி. பொய் ஒண்டு தேடித்தான் கீழை பூந்தனான். பூந்து பாக்க, உந்தத் தடி உண்மையா வெடிச்சுக் கிடக்குது. முள்ளி வெளியிலை தண்ணிக்குப் பக்கத்திலை முறிஞ்சால் ஒருத்தரும் மிஞ்சமாட்டினம் அண்ணை."

வேறு ஒருவனாக இருந்தால் கடைசி வார்த்தையைக் கேட்டிருப்பான். முத்துக்குமாருவின் காதில் முதல் வார்த்தைதான் ஏறியது. ஜாக்கிக் கம்பி அவன் கையிலேயே இருந்தது. படிக்கல்லில் விரித்திருந்த அந்தக் கையின் மேல் இறக்கினான். பிறேக்குக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று. எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த பனை மட்டையை மிதித்ததுபோல இருந்தது. பஞ்சலிங்கம் கத்தவில்லை. அப்படியே சரிந்தான். அவன் பெண்சாதி தங்கமுத்து ஓடிவந்து, ஆட்களைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, எலும்பு முறிவு கட்டுகிற பரியாரியிடம் கொண்டுபோனாள். போகும்போது மண்ணை அள்ளி முத்துக்குமாருவின் முகத்தில் எறிந்தாள்.

அன்று பின்னேரமே அவனுக்கு விளங்கியது. சந்தியில் ஹொறன் அடிக்கிறான், ஒருவரும் ஏறவில்லை. மீன்காரிகள்கூடக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வீட்டில் ஞானாம்பிகை சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தீர்த்தத்துக்கு நான் தம்பிஐயாவின்ரை காரிலை போறன்."

"என்னடி சொன்னனீ?"

"அடியுங்கோ. அடிச்சுப்போட்டும் கேளுங்கோ. கற்பூரம் அணைச்சவன் சொன்னதைக் கேட்ட பிறகு உந்தக் காரிலை எவள் ஏறுவாள்? நீங்கள்தானே ஊரைக் கூட்டி வைச்சுக் கேக்கப் பண்ணினனீங்கள்."

அவன் அடிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தூக்கி வேலியில் எறிந்துவிட்டு வெளியே போனான்.

விடிய அந்தத் தடியைத் தானே கழற்றிக்கொண்டு சந்திக்கு வந்தான். கொல்லன் ஆழ்வாப்பிள்ளையின் பட்டறை சந்தி மூலையிலேயே. "எல்லாரும் வாருங்கோடா" என்று கத்தினான். "கூலிக்குப் பொய் சொன்னவன் சத்தியத்திலையும் பொய் சொல்லுவான். இதை இப்ப அடிக்கிறன். முறியாட்டி வாயைப் பொத்திக்கொண்டு காரிலை ஏறவேணும்."

ஆழ்வாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "முத்துக்குமாரு, முறிஞ்சுபோச்செண்டால் தீர்த்தத்துக்கு உனக்குத் தடியுமில்லை, காருமில்லை. யோசிச்சுச் செய்."

"முறியாது."

தடியை அடைகல்லில் குறுக்கே வைத்து, பெரிய சம்மட்டியைச் சுழற்றி அடித்தான். தடி துள்ளிக் கீழே விழுந்தது. முறியவில்லை. சனம் முணுமுணுத்தது. மறுபடி அடித்தான். கொஞ்சம் வளைந்தது. "பாத்தியளோடா!" என்று கத்தினான். தம்பிஐயாவின் ஆள் ஒருவன் சனத்துக்குள் நின்றவன், மெல்ல நழுவப் பார்த்தான். இன்னும் ஒருதரம் சம்மட்டி இறங்கியது. தடி இரண்டாகிப் போனது.

ஆழ்வாப்பிள்ளை துண்டை எடுத்து முறிந்த முகத்தை எல்லோருக்கும் காட்டினார். விளிம்பில் மட்டும் புது இரும்பு வெள்ளையாக மினுங்கியது. மிச்சம் முழுக்கக் கறள் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. எத்தனையோ மாதமாக உள்ளே வெடித்து, அந்த விளிம்பில்தான் பன்னிரண்டு உயிரும் வாழைக்குலையும் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கின்றன.

முத்துக்குமாரு அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பினான். ஒரு மெக்கானிக்கும் வரவில்லை. போன ஆள் வந்து சொன்னான்: "கை உடைக்கிற ஆளின்ரை காருக்குக் கை குடுக்க எங்களுக்கு விசரோ எண்டு கேக்கிறாங்கள்."

வேறு வழியில்லை. முறிந்த துண்டுகளோடு பஞ்சலிங்கத்தின் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன், கொலை விழுந்தால் சாட்சிக்கு ஒருவன் வேண்டுமே என்று.

தங்கமுத்து முற்றத்தில் உரலில் மா இடித்துக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் உலக்கையைத் திருப்பிப் பிடித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடி தோளில். பிறகு நாரியில், முழங்காலில். முத்துக்குமாரு விலகவுமில்லை, கையால் தடுக்கவுமில்லை. முழங்கால் மடிந்து மணலில் இருந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை.

உள்ளேயிருந்து பஞ்சலிங்கத்தின் குரல் வந்தது. "காணும், விடு. செத்தால் அவனைத் தூக்க எங்களுக்கு ஆளில்லை."

பஞ்சலிங்கம் வெளியே வந்தான். வலக்கை முழங்கை வரை பச்சிலைப் பத்தும் மூங்கில் சிம்பும் கட்டி, இராசவள்ளிக் கிழங்குபோல் வீங்கிக் கிடந்தது. முத்துக்குமாரு துண்டுகளை நீட்டினான். பஞ்சலிங்கம் இடக்கையால் வாங்கி, முறிந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பினான்.

"நான் நினைச்சதிலும் பார்க்கக் கூட" என்றான். "எத்தினை அடியிலை முறிஞ்சது?"

"மூண்டு."

"என்ரை கை ரெண்டிலை முறிஞ்சது."

 பஞ்சலிங்கம் துண்டுகளை மடியில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான். கடைசியாக, "பழைய லொறி அச்சு ஒண்டு கொட்டிலுக்குப் பின்னாலை கிடக்கு. ஆழ்வாப்பிள்ளையரை உலை மூட்டச் சொல்லு. சம்மட்டி நீ அடிக்கிறாய். நான் சொல்லுற இடத்திலை, சொல்லுற அளவுக்கு. மறுகதை கதைச்சால் எழும்பிப் போயிடுவன்" என்றான்.

பட்டறையில் பஞ்சலிங்கம் ஒரு பெட்டியின் மேல் இருந்தான். இடக்கையில் பூவரசங் கம்பு. கொல்லர் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, முத்துக்குமாரு அடித்தான். கூட அடித்தால் முதுகில் ஒன்று. குறைய அடித்தால் ஒன்று. "பெலத்தைக் காட்டாதை, மாடே! இது என்ரை கையில்லை, இரும்பு." சட்டம்பியாருக்குக் கிடைக்காத முதுகு பஞ்சலிங்கத்துக்குக் கிடைத்தது. கம்பு முறிந்தால் வேறு கம்பு முறித்துத் தரச் சொல்லுவான். முத்துக்குமாருவே போய் முறித்துக் கொடுப்பான். இரும்பு செவ்வரத்தம்பூ நிறத்துக்கு வந்தவுடன் எடுத்து எண்ணெயில் தோய்க்கச் சொன்னான். முதலாவது தடியைப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று எறியச் சொன்னான். திரும்பவும் முதலிலிருந்து. இரண்டாவதை அடைகல்லில் வைத்து, "இப்ப உன்ரை பெலத்தைக் காட்டு" என்றான். முத்துக்குமாரு தோள் கழலுமட்டும் அடித்தான். தடி சத்தம் போட்டதே தவிர அசையவில்லை.

தீர்த்தத்தன்று விடிய, சந்தியில் முதலில் நின்றது முத்துக்குமாருவின் கார். முன் ஆசனத்தில் பஞ்சலிங்கம் கட்டுப்போட்ட கையோடு ஏறி இருந்தான். அவன் இருந்ததைக் கண்டுதான் சனம் ஏறியது. ஞானாம்பிகையும் ஏறினாள். ஏறமுன் பஞ்சலிங்கத்திடம்தான் கேட்டாள்: "தம்பி, நம்பி இருக்கலாமோ?"

"இருங்கோ அக்கா. நானும் சாகிறதெண்டால் இதிலை இருக்கமாட்டன்."

முள்ளி வெளியில் இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர், நடுவில் ஒடுங்கின வீதி. தம்பிஐயாவின் கார் ஹொறன் அடித்துக்கொண்டு பின்னால் வந்து, பக்கத்தில் ஏறி, விலாவில் இடித்தது. ஒருதரமில்லை. முன் இடச் சில்லு வீதி விளிம்பில் மண்ணைச் சரித்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கியது. பெண்டுகள் வீரிட்டார்கள். முத்துக்குமாரு எழும்பி நின்று ஸ்டியறிங்கை முழுப் பலத்தோடும் வலப்பக்கம் முறித்தான்.

"முறி! இன்னும் முறி! தடி நிக்கும்!" என்று பஞ்சலிங்கம் கத்தினான்.

தடி நின்றது. சில்லு வீதிக்கு ஏறியது. அந்த வீச்சில் தம்பிஐயாவின் விளக்கு ஒன்று உடைந்து பறந்தது. அவன் பயந்து பின்வாங்கினான்.

தீர்த்தம் முடிய மடத்தில் பந்தி. பஞ்சலிங்கத்துக்கு வலக்கையில் கட்டு; இடக்கையால் சோற்றைக் குழைத்து, சிந்திச் சிந்தித் தின்றான். எதிர்ப் பந்தியிலிருந்து தம்பிஐயா சிரித்தான்.

"உங்கை பாருங்கோடா, கொக்குவிலான் எந்தக் கையாலை தின்னுறான் எண்டு! சீ, கழுவிற கை!"

முத்துக்குமாரு எழும்பினான். பரிமாறுகிறவனின் கையிலிருந்து பருப்பு வாளியைப் பறித்து, கொதிக்கக் கொதிக்கத் தம்பிஐயாவின் தலையில் கவிழ்த்தான். பிறகு வெறும் வாளியால் அடித்தான். வாளி சப்பளிந்து, தம்பிஐயாவின் மூக்கு எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் போனபிறகுதான் எங்களால் அவனைப் பிடிக்க முடிந்தது. இவ்வளவுக்கும் பஞ்சலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தின்றுகொண்டே இருந்தான். முத்துக்குமாரு மூச்சு வாங்க வந்து பக்கத்தில் இருந்ததும் சொன்னான்:

"அவன் சிரிச்சவன். அவ்வளவுதான். உடைச்சது நீ."

முத்துக்குமாருவின் இலை சண்டையில் மிதிபட்டுக் கிடந்தது. அவன் வேறு இலை கேட்கவில்லை.

கார் அந்தத் தடியோடு இரண்டாவது உலக யுத்தகாலத்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வரும்வரை ஓடியது. பஞ்சலிங்கத்தின் விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. கொட்டிலில் அவன் சொல்ல, வேலை முழுக்க முத்துக்குமாருவே செய்தான். மன்னிப்பு என்ற கதை இருவர் வாயிலும் வந்ததை நான் கேட்டதில்லை. ஊரில் கலியாணமோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, எந்தப் பந்தியானாலும் முத்துக்குமாரு அவனுக்குப் பக்கத்தில்தான் இருப்பான். பஞ்சலிங்கம் இடக்கையைச் சோற்றில் வைத்ததும் இவன் தலையை நிமிர்த்தி, எவனாவது சிரிக்கிறானா என்று பந்தியை ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரை பார்ப்பான். பார்த்து முடித்துத்தான் தன் இலையில் கை வைப்பான்.