உள்பக்கத் தாழ்ப்பாள்

பெரம்பலூரில் எங்கள் அமைப்புக்கு வாடகை வீடு பார்க்கப் போனால், குழுவில் மற்றவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருமா, அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிப்பார்கள். நான் நேராகக் கதவுகளிடம் போவேன். ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பார்ப்பேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லையென்றால் மாட்டியே ஆகவேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் கழற்றி எறியவேண்டும். "நர்ஸம்மா கதவ சாத்திட்டாங்க, வாங்க நாம டீ குடிச்சிட்டு வந்துருவோம்" என்பார் ஹார்டுவேர் கடை பாய். "தாழ்ப்பாள் உங்க கடையிலதான வாங்குறோம், யாவாரம் நடக்குதுல்ல, பேசாம இருங்க" என்பேன் நான்.

பாயும் நானும் அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறோம். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு டாக்டரம்மாவும் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. மனநோய்க்கு வைத்தியம் பார்த்துத் தேறிவிட்டவர்கள், ஆனால் வீட்டில் சேர்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள், நாலைந்து பேராக ஒரு வாடகை வீட்டில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்ப் பிழைக்க ஏற்பாடு செய்வதுதான் எங்கள் வேலை. நான் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். ரிட்டயர் ஆன பிறகு இதற்கு வந்தேன். சேவை மனப்பான்மை என்று மேடையில் சொல்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் அக்காவும் அந்த வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறாள்.

எங்கள் பிறந்த வீடு உடையார்பாளையத்துக்குப் பக்கம். கல்யாணமாகிப் போன இடத்தில் அக்காவுக்கு உடம்பு கெட்டது. அவர்கள் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரியில் எழுந்து எங்காவது நடந்து போய்விடுகிறாளே என்று அப்பா பயந்து, முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கிவைக்கும் பின்னறையில் அவளைப் படுக்கவைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். அப்பாவைக் குறை சொல்லி என்ன? அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. வருஷக்கணக்கில் அந்த அறையில் கிடந்தாள் என் அக்கா. பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, தேறுவது, மறுபடி ஆஸ்பத்திரி என்று பாதி வாழ்க்கை போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். காலையில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்கிச் சுத்தம் செய்யும் கூலி வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் கூட இருக்கும் மூன்று பெண்களோடு டிவி பார்க்கிறாள்.

என் வீடு அரியலூரில். வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்தபின், மகளும் கல்யாணமாகி வெளியூர் போனபின், அந்த வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். ஒரு டம்ளர் காபி போடுவதற்கு அடுப்பைப் பற்றவைப்பது இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை கிடையாது. எனக்கு அக்கா வேண்டும். சின்ன வயதில் என் தலையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சடை பின்னிவிட்ட அக்கா, என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடவேண்டும், சண்டை போடவேண்டும், நான் ரெண்டு டம்ளர் காபி போடவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அரிசி மூட்டை வைத்திருந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, கட்டில், புது மெத்தை, ஃபேன் எல்லாம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் நிலைப்படியிலேயே நின்றாள். ஃபேனை வேகமாக வைத்துக் காட்டினேன். ஜன்னலைத் திறந்து காட்டினேன். "நல்லாத்தான்டி இருக்கு, சின்னவளே" என்றாள். உள்ளே வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில், அக்காவை என் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்த வெளிய இருங்கம்மா."

"நானா? சார், நான் குழு மெம்பர்."

"சொந்தக்காரங்க விஷயம்னா வெளிய போவணும்னு ரூல் போட்டதே நீங்கதான நர்ஸம்மா" என்றார் பாய், சிரிக்காமல்.

உண்மைதான். ஒரு தடவை, ஒருவரை அவர் வீட்டார் ஆசையாக அழைத்துப்போய், நிலத்துக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தில்தான் அந்த விதி வந்தது. போக விருப்பமா என்று அவரிடமே கேட்கவேண்டும், அப்போது உறவுக்காரர் யாரும் அறையில் இருக்கக்கூடாது. நான் வெளியே போய்ச் செருப்புகளோடு செருப்பாகப் படியில் உட்கார்ந்தேன். அக்கா வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"நான் வரலடி" என்றாள்.

"ஏன்க்கா? நான் என்ன குறை வச்சேன்?"

"வூட்டுக்குப் போயி அந்தக் கதவப் பாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டில் போட்டவளுக்கு, மெத்தை வாங்கியவளுக்கு, கதவைப் பார்க்கச் சொல்கிறாள்! பஸ்ஸில் அரியலூர் வரும்வரை மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு அந்த அறைக் கதவைப் பார்த்தேன். அடிப்பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூட்டை வைத்த அறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளையடித்தபோது அந்தத் தாழ்ப்பாளுக்கும் பளபளவென்று பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தேன். பெரம்பலூரில் ஒரு கதவு விடாமல் பார்த்தவள் நான். என் வீட்டில், என் அக்காவுக்கென்று செய்த அறையில், பார்க்கவில்லை. அதைத்தான் அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் பாய் தானே வண்டியில் வந்தார். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினார். உள்ளே புதியதை மாட்டினார். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. "போட்டுப் பாருங்கம்மா" என்றார். நான் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் விழுந்தது.

அக்காவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை சின்ன வெங்காயத்தோடு வந்து இறங்கினாள். சாம்பார் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு அந்த அறைக்குப் போனாள், கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில்தான் இருக்கிறாள், பேச ஆயிரம் இருக்கிறது, நடுவில் கதவு. சாயங்காலம் ரெண்டு டம்ளர் காபியோடு போய் நின்றேன். பிறந்த வீட்டில் அவளுக்குச் சோற்றுத்தட்டு கொண்டுபோன நாளில் நானேதான் தாழ்ப்பாளை இழுத்துத் திறப்பேன். தட்டியதே இல்லை. இப்போது தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"இரு, எந்திரிச்சு வரேன்."

காபி ஆறும்வரை நின்றேன். தலையை முடிந்துகொண்டே வந்து திறந்தாள். முகம் தூங்கித் தெளிந்திருந்தது. காபியைக் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"இங்கயே இருந்துடேன்க்கா." கேட்டேவிட்டேன்.

"காலைல வெங்காயத்துக்குப் போவணும்டி. என் வூட்டுல மூணு பேரும் சாப்புடாம பாத்துக்கிட்டிருப்பாங்க." என் கன்னத்தைத் தட்டினாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். கதவ மெதுவா தட்டு, போலீஸ்காரனாட்டம் தட்டுற. போயிட்டு வரேன்."

பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன். தலையணையில் சின்ன வெங்காய வாசனை. அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த உறையைத் துவைக்கப் போவதில்லை.