வாசலில் மங்கா கட்டிய வேப்பிலை

இன்று காலை பால்காரர் எங்கள் வாசலைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"வூட்ல அம்மா வந்திருக்காளா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று வந்த வழியே திரும்பிவிட்டார்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம். எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. கட்டியவள் என் ஏழு வயது மகள் மங்கா.

பிரெஞ்சு சர்க்கார் ஆள் வந்து அம்மை குத்திய பிறகும், கொசு கடித்துத் தடித்தால்கூட அம்மை வந்துவிட்டதென்று அழுகிறாள். "வேப்பில இருந்தா அம்மா உள்ள வரமாட்டா" என்று நேற்று நான்தான் தேற்றினேன்.

அவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. எதிர் வூட்ல அவுத்த அன்னிக்குத்தான் லட்சுமியத் தூக்கினு போனாங்க." லட்சுமி, அம்மையில் இறந்த எதிர் வீட்டுச் சிறுமி.

இலை இன்னும் தொங்குகிறது. பொய் சொன்னவனே நான்தான். இருந்தும் அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை.

எங்கள் பாகூரில் தைரியமுள்ளவர் யாராவது வந்து அவிழ்த்துவிட்டுப் போங்களேன்.