காபியில் விழுந்த சுவர்

பெயின்டர் டப்பாவைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. சுவரில் பூச மூன்று நாள் முன்பு கலந்த பட்டி. புளித்து, செத்த எலி போல நாறியது.

"காஞ்சா நாத்தம் பூடுங்க," என்றார்.

போகாது. என் சின்ன வயதில், ஆரணியில் இதே கூடத்தில், பட்டு நெசவுக்கான பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியில் சாக் பவுடரைக் குழைத்து அப்பாவே பட்டி செய்தார். அக்காவைப் பெண் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து வருகிறார்கள் என்று, பிசுக்கேறிய பச்சை பெயிண்டின் மேலேயே அதை அப்பினார்.

"மொதல்ல செவுத்தத் தேச்சிக் கழுவுங்க," என்றாள் அம்மா.

"பேஜார் பண்ணாத. நாளைக்கு வந்துடுவாங்க."

மறுநாள் அடைமழை. சுவர் வேர்த்தது. வீடெங்கும் ஊசிப்போன சோற்று வாடை. சுவரில் மொய்த்த ஈக்களை ஓட்டும் வேலை எனக்கு. மாப்பிள்ளையின் அம்மா காபியை வாயருகே கொண்டுபோனபோது, மேலிருந்து ஒரு பட்டி வில்லை பெயர்ந்து டம்ளருக்குள் விழுந்தது. அப்பா எட்டி, விரலை விட்டு அதைத் தோண்டியெடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வெறும் கஞ்சிதாங்க, குடிங்க."

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். அக்கா தலை நிமிரவே இல்லை. அந்த விரலை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

"பழைய பெயிண்ட தேச்சிட்டு, புதுசா கலந்து போட்டா நிக்கும். ரெண்டு நாள் கூட ஆவும். இன்னா பண்றதுங்க?" என்று கேட்டார் பெயின்டர்.

நாளை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேலயே பூசிடுங்க," என்றேன்.